ஏ.வி.ஆர். பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தபோது: அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து:
2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டிய நாட்களில், எங்கள் தொடர்மாடி ஜெனரேட்டரின் ஏ.வி.ஆருக்கான (வோல்ற்றைச் சீராக வைக்கும் கருவி) 5 ஆம்பியர் பிரேக்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் சீராக ஓடிக்கொண்டிருக்கும், விளக்குகள் மட்டும் அணைந்துவிடும். புதிய ஏ.வி.ஆர். போட்டும் அதே கதைதான். மறுநாள் வந்த மின்பணியாளர் 10 ஆம்பியர் பிரேக்கரைப் போட்டுப் பார்ப்போம் என்றார். முகாமைக் குழுவின் சார்பில் அதற்குச் சம்மதம் சொன்னவன் நான். அன்றிரவு பிரேக்கர் விழவேயில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் கீழ்த்தளம் முழுவதும் வார்னிஷ் கருகும் வாடை எழுந்தது. ஜெனரேட்டரைத் திறந்து பார்த்தால், மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் சுழலும் டயோட் ஆறில் ஒன்று ஷோர்ட்டாகி, எக்சைற்றர் (ஜெனரேட்டரின் காந்தத்துக்கு மின் கொடுக்கும் சிறு பகுதி) சுருள் கறுத்துப் போயிருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அண்ணன் சொல்வதைப் படித்துவிட்டு எல்லோரும் டயோட்டையே தேடிப் போகக் கூடாது. எங்கள் அச்சகத்தில் ஆறு டயோட்டும் நன்றாக இருந்தன. வோல்ற்றை உணரும் கம்பி ஒன்று அதிர்வில் தளர்ந்திருந்ததால், வோல்ற் வரவில்லை என்று கொண்ட ஏ.வி.ஆர். தன் முழு மின்னோட்டத்தையும் கொடுக்க, குழல்விளக்குகள் கண் கூச எரிந்த அடுத்த கணம் பிரேக்கர் விழுந்தது. ஆகவே முதலில் முனைகளை இறுக்குங்கள். பிறகு ஏ.வி.ஆரிலிருந்து எக்சைற்றருக்குப் போகும் இரு கம்பிகளையும் கழற்றி, கூட்டல் கழித்தல் மாறாமல் 12 வோல்ற் பற்றரியைக் கொடுத்து, சுமையில்லாமல் சரியான வேகத்தில் ஓட்டி மூன்று பேஸின் வோல்ற்றையும் அளந்து பாருங்கள். மூன்றும் சமமாகவும் வழக்கமான அளவிலும் வந்தால் பழுது ஏ.வி.ஆர். பக்கம் இருக்கிறது, சமமாக இருந்தும் மிகக் குறைந்தால் டயோட்டையோ எக்சைற்றரையோ பார்க்க வேண்டும், சமமில்லையென்றால் பிரதான சுருளில்தான் கோளாறு. மெகர் (சுருளின் காப்பைச் சோதிக்கும் மீற்றர்) வைப்பதென்றால் ஏ.வி.ஆரை முற்றாகக் கழற்றிவிடுங்கள், 500 வோல்ற்றை அது தாங்காது.

தெகிவளையிலிருந்து:
பற்றரிச் சோதனை சரியானதே. ஆனால் டயோட்டின் ஒரு முனையைக் கழற்றாமல் மீற்றர் வைத்து, நன்றாக இருப்பதாக நம்பி நான் இரண்டு நாள் இழந்தேன். கழற்றிய பின்தான் அது பழுதென்று தெரிந்தது.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:
தம்பி, கம்பிகளை நாங்கள் இறுக்கித்தான் பார்த்தோம். சுருள் மீளச் சுற்றி வர ஒன்பது நாட்கள் ஆயின. ஐந்தாம் மாடியிலிருந்த முதிய தம்பதியினர், ஜெனரேட்டர் இல்லாமல் லிப்டை நம்ப முடியாததால் அந்த ஒன்பது நாளும் கீழே இறங்கவில்லை.