சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களுக்குத் தனி மருத்துவ ஏற்பாடு எதற்கு?

மாறன்:
குற்றமே செய்யாதவர்கள் விடியற்காலையிலிருந்து மருத்துவமனை வரிசையில் கால்கடுக்க நிற்கிறார்கள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் சிகிச்சையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டுமாம். தண்டனை முடிந்துவிட்டது, இனி அவரவர் உடம்பு அவரவர் பாடு.

கயல்விழி:
மாறன் ஐயா, நான் செவிலி. விடுதலையான நான்காம் நாள் ஒருவர் என்னிடம் வந்தார். கையில் காலியான மாத்திரை அட்டைத் துண்டு. மருந்தின் பெயர் இருந்த பக்கத்தைக் கத்தரித்திருந்தார்கள். "வெள்ளையாக, நடுவில் கோடு போட்டிருக்கும்" என்றார். வலிப்பு நோய்க்காரர். மாத்திரை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. அவருடைய நோய்க்குறிப்பு சிறை அலுவலகக் கோப்பில் இருந்தது. அவர் யாரையும் முந்தி வரவில்லை, ஐயா.

மாறன்:
ஒருவர் கதையை வைத்து விதி எழுத முடியாது.

கயல்விழி:
கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களிடையே இறப்பு மற்றவர்களைவிடச் சுமார் 13 மடங்கு. முதல் காரணம் போதைப்பொருள். உள்ளே இருக்கும் காலத்தில் அதைத் தாங்கும் சக்தி உடம்புக்குக் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடுகிறது. அங்கேயே ரோட் ஐலண்ட் என்ற மாநிலம் 2016-இல், போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன் போன்ற மருந்துகளைச் சிறைக்குள்ளேயே தொடங்கி வெளியிலும் தொடர்ந்தது. விடுதலையானவர்களிடையே இத்தகைய சாவுகள் மறு ஆண்டே சுமார் 60 சதவீதம் குறைந்தன.

பொன்னி:
என் அண்ணனை அடித்து முடமாக்கியவன் வெளியே வந்துவிட்டான். அண்ணனுக்கு இன்றும் இடது கை மடங்காது. பிசியோதெரபிக்கு நாங்கள்தான் கடன் வாங்குகிறோம். எங்களை ஒருவரும் வந்து கேட்கவில்லை. அவனுக்கு மருத்துவரிடம் நாள் குறித்துக் கொடுப்பார்களா?

கயல்விழி:
பொன்னி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அண்ணனுக்காக நீங்கள் எங்கே கேட்டாலும் நானும் வந்து நிற்பேன். ஆனால் அவனுடைய மாத்திரையை நிறுத்துவதால் அண்ணனின் கை மடங்கப் போவதில்லை. காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். அப்படி நடுவில் விட்டவர் பிறகு பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருமுவார்.

மாறன்:
தொற்றுநோய்க்குச் செய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரைக்கும் மனநோய்க்கும் ஏன்?

கயல்விழி:
இன்சுலின் நின்றாலும் உயிர் போகலாம், ஐயா. நான் தனி வார்டு கேட்கவில்லை. ஒரு மாத மாத்திரை, நோய்க்குறிப்பின் நகல், எந்த நாளில் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று எழுதிய சீட்டு. இவ்வளவுதான்.

பொன்னி:
கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சீட்டு என் அண்ணனுக்கும் வேண்டும். அவனுக்கு முன்னால் வேண்டும்.