எக்செல் நல்லா வரும், பைத்தான்ல கை ஓடல: எந்தக் கோர்ஸ் எடுக்கலாம்?

திருப்பூர்_கணக்கர்:
பி.காம். எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ். பிவட் டேபிள், வி-லுக்கப் எல்லாம் தண்ணி பட்ட பாடு. டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறணும். வீடியோ பார்க்கும்போது பைத்தான் கோடிங் புரியுது, கோலாப்ல (பிரவுசர்லயே கோட் எழுதி ஓட்டுற கூகுள் தளம்) வெறும் நோட்புக்கைத் திறந்தா ஒண்ணும் ஓடல. ஒரு இன்ஸ்டிட்யூட்ல "வேலை உத்தரவாதம்"னு 80,000 ரூபாய் கேட்கிறாங்க. கட்டலாமா? இல்ல, கோர்செரா ஆன்லைன் கோர்ஸ் தளத்துல ஆண்ட்ரூ எங்கோட மெஷின் லேர்னிங் எடுக்கவா?

ஜாயின்_ராஜா:
கட்டாதீங்க ப்ரோ. வேலை கிடைக்கலைன்னா பணம் திரும்பி வருமான்னு எழுதித் தரச் சொல்லுங்க, அப்ப தெரியும் சேதி.
ஆண்ட்ரூ எங் கோர்ஸ் அருமை. 2022-ல பைத்தானுக்கு மாத்திப் புதுசாக்கிட்டாங்க. ஆனா அனலிஸ்ட் வேலைக்கு அது இப்ப அவசரமில்ல. முதல்ல எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸ்ல இருந்து டேட்டா கேட்டு எடுக்கிற மொழி. வகை வாரியாத் தொகுக்கிற உங்க பிவட்தான் அங்க குரூப் பை, இன்னொரு டேபிள்ல தேடி எடுத்துச் சேர்க்கிற வி-லுக்கப்தான் ஜாயின். எஸ்கியூஎல்போல்ட் தளத்துல பிரவுசர்லயே எழுதிப் பழகலாம், இலவசம். பைத்தானுக்கு மிச்சிகன் பல்கலையின் சார்லஸ் செவரன்ஸ் நடத்துற 'பைத்தான் ஃபார் எவ்ரிபடி'. அவர் தளத்துலயே வீடியோ, புத்தகம் ரெண்டும் காசில்லாம கிடைக்கும். பாதி பாடம் முடிஞ்சதும் உங்க ஆபீஸ் ஷீட் ஒண்ணை எடுத்து அதுல கை வைங்க. கோர்ஸ்ல தர்ற டேட்டா எல்லாம் குளிப்பாட்டிப் பொட்டு வச்சது, அதுல ஒண்ணும் பிடிபடாது.

மதுரை_அக்கா:
சர்டிபிகேட் வேணும்னா ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் பாடத் தளம் என்பிடெல் பாருங்க தம்பி. பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம், நேர்ல போய் எழுதணும். டிகிரியே வேணும்னா சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் இருக்கு. ஜேஇஇ தேவையில்ல, நாலு வாரப் பாடம் படிச்சுத் தகுதித் தேர்வு எழுதினா போதும். ஆனா வேலையோட சேர்த்துப் படிக்க நேரம் பிழியும்.

திருப்பூர்_கணக்கர்:
நன்றி அக்கா, ப்ரோ. பில் ஷீட்டை சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) ஆக்கி, பைத்தான்ல டேபிள் கையாளுற பாண்டாஸ்ல ஏத்தினேன். தொகையைக் கூட்டினா எல்லா எண்ணும் ஒட்டிக்கிட்டு ரயில் மாதிரி வருது. ஏப்ரல் 3 பில் மார்ச் 4-ன்னு காட்டுது!

ஜாயின்_ராஜா:
1,25,000-ல இருக்கிற கமாவால தொகை எழுத்தா ஏறியிருக்கு. ஃபைலை ஏத்துற ரீட் சிஎஸ்வி கட்டளை கொடுக்கும்போது தௌசண்ட்ஸ்-க்குக் கமா கொடுங்க. தேதியா மாத்துற டூ டேட்டைம் கட்டளையில டே-ஃபர்ஸ்ட் ட்ரூ போடுங்க. இல்லைன்னா அமெரிக்கக்காரன் மாதிரி மாசத்தைத்தான் முதல்ல படிக்கும்.
இன்னொண்ணு, கோலாப் கூகுள் சர்வர்ல ஓடுது. பார்ட்டி பேர், ஜிஎஸ்டி நம்பரை எடுத்துட்டு ஏத்துங்க.