சேக்வானை விட்டது சரியாம்! சொன்னவர் முன்னாடி வரவும்

எடிசன்_குமார்:
நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் டீம் நியூயார்க் ஜயன்ட்ஸ் பத்தி நேத்து இன்னொரு திரியில நீலச்சட்டை_நாதன் எழுதினது: “2024-ல சேக்வான் பார்க்லியை ஜயன்ட்ஸ் விட்டது சரியான முடிவு. பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரன்னிங் பேக்குக்கு எவன் காசு கொட்டுவான்?” படிச்சதுல இருந்து வயிறு எரியுது. அவரைத் தூக்கின பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் குடுத்தது 3 வருஷத்துக்கு 37.75 மில்லியன் டாலர், அதுல 26 கேரண்டி. நம்ம ஆளுங்க என்ன ஆஃபர் குடுத்தாங்க? சொல்லுங்க பாப்போம்.

நீலச்சட்டை_நாதன்:
குமார் சார், பொங்காதீங்க. 2020-ல முட்டி போச்சு. 2023-ல ஓடினது வெறும் 962 யார்ட். வயசு 27. மறுபடி டேக் (ஒரு வருஷத்துக்குப் பிடிச்சு வெக்கிற ஒப்பந்தம்) போட்டிருந்தா 12 மில்லியன் காலி. அந்தக் காசுலதான் டிஃபென்ஸுக்கு பிரையன் பர்ன்ஸ் வந்தாரு.

எடிசன்_குமார்:
முட்டியைப் பத்தி யாரு கேட்டா? ஆஃபர் குடுத்தாங்களா இல்லையா?

பச்சைக்கழுகு:
மக்களே அமைதி 😄 எங்ககிட்ட வந்த முதல் சீசன்லயே 2005 யார்ட் ஓட்டம். சூப்பர் பவுல் ஃபைனல்ல 40-22 ஜெயிச்சோம், அதுவும் அவர் பொறந்தநாள் அன்னிக்கே. உங்க ஜெனரல் மேனேஜர் ஜோ ஷேனுக்கு பிலடெல்ஃபியாவுல சிலை வைக்க வசூல் பண்றோம், விருப்பம் இருக்கறவங்க தரலாம்.

நீலச்சட்டை_நாதன்:
ஈகிள்ஸ் லைன்ல தடுக்கற மைலாட்டா, லேன் ஜான்சன் எல்லாம் முன்னாடி நின்னா நானே 800 யார்ட் ஓடுவேன். நம்ம லைன்ல பந்து கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடியனுங்க மேல விழுந்திருப்பானுங்க. அந்த 2005 யார்ட் இங்க வந்தே இருக்காது.

எடிசன்_குமார்:
2024 அக்டோபர் 20, நம்ம மெட்லைஃப் ஸ்டேடியம், நான் நேர்ல இருந்தேன். சேக்வான் 176 யார்ட் ஓடினாரு, 28-3 தோத்தோம். எனக்கு முன் வரிசையில ஒரு பையன் சேக்வானோட பழைய நீல 26 ஜெர்சியைப் போட்டுக்கிட்டு ஈகிள்ஸ் பச்சை 26-க்குக் கை தட்டுறான். அவங்க அப்பா தடுக்கக்கூட இல்ல. அதை விடுங்க. ஆஃபர் குடுத்தாங்களா?

நீலச்சட்டை_நாதன்:
“வெளியில விசாரிங்க, கடைசியில எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க”ங்கிற மாதிரி ஏஜென்ட்கிட்ட ஷேன் பேசினது, நம்ம டீமைப் படம் பிடிச்ச ஹெச்பிஓ சேனல் கேமராவுலயே இருக்கே. அதுக்கு வேற என்ன அர்த்தமாம்?

எடிசன்_குமார்:
வாசல்ல நிக்கறவரை “நாலு வீட்ல சாப்பிட்டுட்டு வாங்க, அப்பவும் பசிச்சா பாக்கலாம்”னு அனுப்பறதுக்குப் பேரு விருந்தா? அதே கேமரா முன்னாடிதான் ஓனர் மாரா, சேக்வான் பிலடெல்ஃபியா போனா எனக்குத் தூக்கம் வராதுன்னு புலம்பினாரு. பந்து எறியற டேனியல் ஜோன்ஸுக்கு 160 மில்லியன் எழுதினப்ப மட்டும் நல்லா தூக்கம் வந்துச்சாக்கும்!

டல்லஸ்_தம்பி:
அந்த ஜோன்ஸையும் 2024 நவம்பர்லயே கழட்டி விட்டீங்களேண்ணே 😂

நீலச்சட்டை_நாதன்:
தம்பி, நீ வாயே திறக்காத. ரன்னிங் பேக் பொல்லார்டை அனுப்பிட்டு ஓஞ்சுபோன எலியட்டைத் திரும்பக் கூட்டிட்டு வந்த டீம் உங்களுது. 1996 ஜனவரிக்கு அப்புறம் சூப்பர் பவுல் கப்பைக் கண்ணால பாத்திருக்கியா?

டல்லஸ்_தம்பி:
2024 சீசன்ல நாங்க 7 ஜெயிச்சு 10 தோத்தோம், நீங்க 3-14. கழிக்கத் தெரியும்ல?

நீலச்சட்டை_நாதன்:
ஈகிள்ஸ் மட்டும் யோக்கியமா? ஒப்பந்தம் முடிஞ்சவங்க டீம் மாறுற ஃப்ரீ ஏஜென்சியில ஆளுகிட்ட நேரடியா பேசக்கூடாத நேரத்துல போன் போட்டாங்கன்னுதானே விசாரணையே வந்துச்சு. சேக்வானோட காலேஜ், பென் ஸ்டேட் கோச் வாயை விட்டது ஊருக்கே தெரியும்.

பச்சைக்கழுகு:
லீக் விசாரிச்சுது, போதுமான ஆதாரம் இல்லன்னு முடிச்சுட்டாங்க. தண்டனை அட்லாண்டா டீமுக்குத்தான். அழுகையை அங்க போய் வெச்சுக்கோங்க.

எடிசன்_குமார்:
பேச்சை மாத்தாதீங்க நாதன். சேக்வான் போன அதே வாரம் டிஃபென்ஸ் ஆளு மெக்கின்னியையும் விட்டாங்க. 4 வருஷம், 67 மில்லியன்னு கிரீன் பே டீம் தூக்கிட்டுப் போச்சு. முதல் சீசன்லயே 8 இன்டர்செப்ஷன் (எதிராளி பாஸைப் பறிக்கிறது), லீக்கோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியலான ஆல்-ப்ரோவுல இடம். அவரு பின்னாடி நின்னு காக்கற சேஃப்டி சாமி! அதுக்கும் நம்ம லைன்தான் காரணமா?

நீலச்சட்டை_நாதன்:
மெக்கின்னிக்குத் தனித் திரி போடுங்க. 2023 மார்ச்ல ஜோன்ஸ் டீல் வந்தப்ப “சரியான விலை”ன்னு இங்க எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்கா? ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன்.

எடிசன்_குமார்:
தாராளமா போடுங்க. கூடவே சேக்வானுக்குக் குடுத்த ஆஃபரையும் போடுங்க.

நீலச்சட்டை_நாதன்:
ஆபீஸ்ல இருக்கேன். ராத்திரி வந்து வெச்சுக்கறேன் உங்களை.