ஷுத்தோ உச்சி (கராத்தேயில் கைவிளிம்பால் அடிப்பது): பயிற்சிப் பேடில் அடித்தால் சுண்டுவிரல் மூட்டு வலிக்கிறது

கேள்வி:
காற்றில் ஷுத்தோ உச்சி வேகமா வருது. பேடில் அடிச்சா சுண்டுவிரல் அடிமூட்டுல சுருக்குன்னு வலி, அடியில பலமும் இல்ல. தப்பு கையிலயா, இடுப்புலயா?

பதில் 1:
முதலில் தூரத்தைப் பாருங்க. குத்து விடும் தூரத்தில் நின்று ஷுத்தோ அடித்தால் விரல்தான் போய்ப் படும். அந்த மூட்டுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மெலிசு, முறியவும் செய்யும். பட வேண்டியது உள்ளங்கையின் வெளி ஓரச் சதை, அதிலும் மணிக்கட்டை ஒட்டிய பாதி. கையை மெதுவாக நீட்டி அந்தச் சதையைப் பேடில் வையுங்க. விரல்கள் பேடைத் தாண்டி நிற்கணும், முழங்கை லேசாக மடங்கியிருக்கணும். அதுதான் சரியான தூரம். மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கட்டும். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கை ஓரத்தில் ஒட்டிவிடுங்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எதிராளி உடையில் மாட்டிப் பிசகும்.

பதில் 2:
தூரம் பற்றிச் சொன்னது சரி. பலம் இல்லாததற்குக் காரணம் வேறு: உள்ளங்கையைச் சீக்கிரமே திருப்பிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து உள்ளே வரும் அடியில் கை காதருகே, உள்ளங்கை வெளியே பார்த்தபடி தொடங்கும். இடுப்பு முதலில், பிறகு முழங்கை, படும் நொடியில்தான் முன்கை சுழன்று உள்ளங்கை மேலே வரும். பாதி வழியிலேயே திருப்பினால் அது வெறும் தள்ளல். உள்ளிருந்து வெளியே போகும் அடி எதிர்க் காதருகே தொடங்கி உள்ளங்கை கீழ்நோக்க முடியும். மற்றக் கையை இடுப்புக்கு இழுக்கும் ஹிக்கிதேயை விட்டுவிடாதீர்கள். விரல்களைத் தொடக்கத்திலிருந்தே விறைக்க வேண்டாம், தோள் பூட்டிக்கொள்ளும். படும்போது இறுக்கினால் போதும்.

கேள்வி கேட்டவர்:
மகிவாராவுக்கு, அதாவது அடிச்சுப் பழகுற பலகைக்குப் போகலாமா?

பதில் 1:
வலி முழுசாப் போகும்வரை வேண்டாம். வீக்கம் இருந்தாலோ, அந்த விரலை மடக்கும்போது பக்கத்து விரல் மேல் ஏறினாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்க. பிறகு மென்மையான பேடில் பாதி வேகம், அப்புறம்தான் மகிவாரா. அங்கேயும் மணிக்கட்டு மடிப்பில் இருக்கும் சின்ன எலும்பு படக்கூடாது. அதை ஒட்டியே நரம்பும் ரத்தக்குழாயும் போகின்றன. சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தாலோ வெளுத்துக் குளிர்ந்தாலோ அடிப்பதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டணும்.

பதில் 3:
ஜோடிப் பயிற்சியில் கழுத்துப் பக்கம் அடிக்கும்போது தொடாமல் நிறுத்துங்கள். அங்கே லேசான அடியே மயக்கம் வரவைக்கும். உலக கராத்தே சம்மேளனத்தின் (டபிள்யூகேஎஃப்) குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் போட்டியில் திறந்த கையால் முகத்தில் அடிப்பதே தடை. முழு வேகத்தைப் பேடுக்கும் கத்தாவுக்கும் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) வைத்துக்கொள்ளுங்கள். ஹெயான் யோந்தான் என்ற கத்தாவில் ஒரு கை தலைக்கு மேல் தடுக்க, மறு கை ஷுத்தோ அடிக்கும் இடம் வரும். இடுப்புத் திருப்பம் வருகிறதா என்று சோதிக்க அது ஒன்றே போதும்.