நெஞ்சுவலியா, வாய்வா? நம்ம கடற்கரையில் நேரில் பார்த்ததைச் சொல்லுங்க

பாம்பன் வல்லம்

சித்தப்பா விஷயத்தை எங்கயாவது இறக்கி வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வாடைக்காத்து நேரம். விடியக்காலம் கரையில உக்காந்து வலையில நண்டு கழிச்சுக்கிட்டு இருக்கோம். வயசு அம்பது தாண்டுன ஆளு, பீடி உண்டு, சுகர் பிபி எதுவும் பார்த்ததே கிடையாது. திடீர்னு கையை நிப்பாட்டிட்டு தாடையைப் பிடிச்சாரு. "பல்லு என்னமோ பண்ணுதுடா"ன்னாரு. நாங்க எல்லாம் குளிருக்குத் துண்டைப் போர்த்தி உக்காந்திருக்கோம், அவரு சட்டை மட்டும் கடல்ல முக்கி எடுத்த கணக்கா முதுகோட ஒட்டிக்கிடந்துச்சு. நெஞ்சுவலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. இன்னைக்கும் கண்ணை மூடுனா அந்தச் சட்டைதான் தெரியுது.

ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். எந்த ஊரு, யாருன்னு சொல்ல மாட்டேன். "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டாங்க. வாய்வுக்கு ஊசி போட்டு, ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிட்டாங்க. ஈசிஜி எடுக்கலை. மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் 108ல ஏத்தி ராமநாதபுரம், அங்கேருந்து மதுரை. இதயத்துல இடதுபக்கம் முன்னால இறங்குற ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்துச்சாம். குழாயைத் திறந்து பிடிக்கிற சின்ன கம்பிவலை, அதான் ஸ்டென்ட், வச்சாங்க. ஆளு இருக்காரு. ஆனா பம்பிங், அதான் இதயத்துல நிறையுற ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிய தள்ளுற பங்கு, 35 சதவீதம்தான். 55க்கு மேல இருக்கணுமாம். ரெண்டு குடம் தண்ணி தூக்குனா உக்காந்துடுறாரு.

காலையிலயே ஒரு ஈசிஜி எடுத்திருந்தா? இதேதான் மனசுல ஓடுது.

உச்சிப்புளி டெய்லர்

தம்பி, உங்க சித்தப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனா எல்லாத்தையும் ஹார்ட்டுன்னு பயமுறுத்தக் கூடாது. எனக்கும் நெஞ்சு நடுவுல எரிச்சல், முதுகு வரைக்கும் இழுத்துச்சு. வீட்டுல அழுது புலம்பி வண்டி பிடிச்சு மதுரைக்கே கொண்டு போயிட்டாங்க. ஈசிஜி, எக்கோ ஸ்கேன், ரத்தம், ரெண்டு நாள் வார்டு. கடைசியில இரைப்பை அமிலம் மேல ஏறுதுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. தீபாவளித் துணி தைச்ச காசு பூரா அங்கேயே போச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு "உனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களா, நல்லாருப்பா"ன்னாரு. மறுநாள் காலையில அந்தக் கட்டில் காலி. அதை நினைச்சா காசு போனதெல்லாம் பெரிசாத் தெரியலைதான். ஆனாலும் வாய்வுன்னு ஒண்ணு இருக்கு, அதையும் ஒத்துக்கணும்.

கிராம செவிலியர்

டெய்லர் அண்ணே, வாய்வு இல்லைன்னு யாரும் சொல்லலை. வெளியில இருந்து பார்த்து, இது வாய்வு இது இதயம்னு பிரிக்க முடியாது, அதான் சங்கதி. இதயத்துக்கும் இரைப்பைக்கும் தாடைக்கும் இடது கைக்கும் போற நரம்புகள் முதுகுத்தண்டுல கிட்டக்கிட்ட போய்ச் சேருது. வலி எங்கேருந்து கிளம்புதுன்னு மூளையால சரியாச் சொல்ல முடியாது. சுகர் ரொம்ப வருசமா இருந்தா நரம்பே மரத்துப் போயிருக்கலாம், வலியே தெரியாமப் போகலாம். வியர்வை, வாந்தி, அசதி, மூச்சுத் திணறல்னுதான் வருவாங்க. பொம்பளைங்க நிறைய பேர் அப்படித்தான் வராங்க.

நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். ஒரு அம்மாவை ஆட்டோவுல கொண்டாந்தாங்க. வயித்துக்கு மேல வலி, வாந்தி. வர்ற வழியிலயே பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு நெஞ்சுவலிக்குக் குடுத்த, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை எடுத்து அவங்க வாயில வச்சுட்டார். நல்ல மனசுதான். இறக்கும்போது கை ஜில்லுனு இருக்கு, கண்ணு சொருகுது. பிபி பார்த்தா மேல் அளவு 70. ஈசிஜியில இதயத்தோட கீழ்ச்சுவர்ல அடைப்பு, வலது பக்கமும் சேர்ந்து அடிபட்டிருக்கு. வலது பக்கம் அடிபட்டா, உடம்புலேருந்து திரும்பி வர்ற ரத்தம் நிறைய இருந்தாத்தான் அது தள்ளும். அந்த மாத்திரை ரத்தக்குழாய்களை விரிச்சு, திரும்பி வர்ற ரத்தத்தைக் குறைச்சுடும். பிபி அப்படியே படுத்துடும். காலைத் தூக்கி வச்சு, சலைன் பாட்டிலை ஓடவிட்டு, அளவு 90ஐத் தொடுற வரைக்கும் டாக்டர் அந்தம்மா மணிக்கட்டுல இருந்து விரலை எடுக்கவே இல்லை. பிழைச்சாங்க. அதனால அடுத்தவங்க மாத்திரையைத் தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியலை. 2023 ஜூன்ல தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டு வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் 14 மாத்திரை வச்சிருப்போம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு அறிகுறியோட வர்றவங்களுக்கு இதை உடனே குடுத்துட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடுவோம். ரத்தக்கட்டி மேற்கொண்டு பெருசாகாம இருக்கத்தான் அது, அடைப்பை எடுத்துடாது. ராமேஸ்வரத்துலேருந்து ராமநாதபுரமே 55 கிலோமீட்டர் கிட்ட. மதுரை அதுக்கப்புறம் நூறுக்கு மேல. அடைச்ச குழாய்க்குக் கீழ இருக்குற தசை அந்த ரோட்டுலதான் செத்துக்கிட்டே வருது. பக்கத்துல இருக்குறதை விட்டுட்டு நேரா மதுரைக்குக் கார் பிடிக்காதீங்க. கட்டியைக் கரைக்கிற ஊசியைச் சீக்கிரம் போட்டாத்தான் பலன். 12 மணி நேரம் தாண்டிட்டா பெரும்பாலும் போட மாட்டாங்க.

முதல் ஈசிஜி நல்லா இருந்தாலும் வீட்டுக்கு ஓடாதீங்க. சில பேருக்கு மாற்றம் பிறகுதான் தெரியும். இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கலக்குற ட்ரோபோனின் அளவும் ஏற சில மணி நேரம் ஆகும். டெய்லர் அண்ணனை வார்டுல வச்சுப் பார்த்தாங்களே, அதுக்குக் காரணம் அதுதான்.

கீழக்கரை லாத்தா

எல்லாரும் அடைப்பையே பேசுறீங்க, வால்வைப் பத்தி யாரும் வாய் திறக்கலை.

என் தங்கச்சி அப்ப மாசமா இருக்கா, ஆறாம் மாசம். ராத்திரி படுக்க முடியலை. படுத்தா இருமல், மூச்சு முட்டுது. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பா. கம்பியோட துரு அவ உள்ளங்கையில கோடு கோடா ஒட்டியிருக்கும், அதைத் தொடைச்சு விடுறதே எனக்கு வேலை. மாமியா வீட்டுல "வயித்துப் பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்"னு சொன்னாங்க. உம்மா மட்டும் ஒத்துக்கலை.

எக்கோ எடுத்தா மைட்ரல் வால்வு, அதான் இதயத்தோட இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற கதவு, சுருங்கிப் போயிருக்கு. டாக்டர் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல தொண்டை வலி வந்து மூட்டு மாறி மாறி வீங்குச்சா?" வீங்குச்சு. முழங்கால், அப்புறம் முழங்கை. வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்னு எல்லாரும் விட்டாச்சு. தொண்டையில வந்த கிருமியை எதிர்க்கிற சக்தி, தன் உடம்பு வால்வையே கிருமின்னு நினைச்சுத் தாக்கிடுமாம். அது வருசக்கணக்குல தழும்பாகி, வால்வு திறக்காமப் போயிடும். நுரையீரல்லேருந்து வர்ற ரத்தம் அந்தக் கதவுக்குப் பின்னால தேங்கி நிக்கும். மாசமா இருக்கும்போது உடம்புல ரத்தம் பாதிக்குப் பாதி கூடுறதால, அதுவரைக்கும் ஒளிஞ்சிருந்தது வெளியில வந்துடுச்சு.

பலூன் விட்டு விரிச்சாங்க. பிள்ளை நல்லபடியாப் பிறந்தான். பிறகு வருசம் கழிச்சு உலோக வால்வு வச்சாச்சு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல கண்டுபிடிச்சு, 1990ல முதல் தடவை மனுசருக்கு வச்ச வகை. பக்கத்துல படுத்தா 'டிக் டிக்'னு கேக்கும். அவ மகன் அந்தச் சத்தம் இல்லாமத் தூங்க மாட்டான்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆயுசுக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் அளவு 2.5க்கும் 3.5க்கும் நடுவுல நிக்கணும்னு அவளுக்குச் சொல்லியிருக்காங்க. நோன்பு மாசம் வர்றதுக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட நேரம் கேட்டு, நோன்பு திறந்த பிறகு போட்டுக்கிறா. கீரை மாத்திரையோட வேலையைக் குறைச்சுடும், முருங்கைக்கீரையைத் தொடவே கூடாதுன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்குச் சொல்றாங்க. அப்படி இல்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காம ஒரே மாதிரி சாப்பிட்டாப் போதும்.

பிள்ளைங்களுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு மூட்டு வீங்குனா காட்டிடுங்க. அந்தக் கிருமி திரும்ப வந்து வால்வைக் கெடுக்காம இருக்க 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி. என் தங்கச்சிக்கு அது கிடைச்சிருந்தா நெஞ்சைத் திறந்திருக்க வேண்டாம்.

சின்னப்பாலம் மகள்

எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. விரல்ல துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடிச்சு முங்கி மரிக்கொழுந்துங்கிற கடல் பாசியைப் பறிப்பாங்க. கொஞ்ச நாளா "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அது நிக்கும், திரும்ப வரும்.

ஒரு நாள் கரையேறி பாசியை விரிச்சுக்கிட்டு இருக்காங்க. முங்குற கண்ணாடியை என்கிட்ட நீட்டுறாங்க, அது பாதியிலயே நழுவி மணல்ல விழுது. குனிஞ்சு எடுக்குறாங்க, திரும்ப நழுவுது. மூணாவது தடவை அவங்க கையைப் பார்க்கலை, நான் வாயைப் பார்த்தேன். ஒரு பக்கம் இறங்கியிருந்துச்சு.

இதயத்தோட மேல் அறை சீரா அடிக்காம வெறும் துடிப்பாத் துடிச்சிருக்கு. ரத்தம் அங்க தேங்கி உறைஞ்சு, ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைச்சிருச்சு. நாலரை மணி நேரத்துக்குள்ள போனதால ஊசி போட்டாங்க. பேச்சு வந்துருச்சு, வலது கை இன்னும் முழுசா வரலை. மணிக்கட்டுல நாடி பிடிச்சு, துடிப்பு ஒழுங்கா இருக்கான்னு ஒரு நிமிசம் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப நான் எங்க குழுவுல எல்லா அக்காமாருக்கும் நாடி பிடிச்சுப் பார்க்கிறேன்.

தொண்டி ஆசிரியர் (ஓய்வு)

அனைவரின் பதிவுகளையும் படித்தேன். எனக்குப் பணி ஓய்வுக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் பிபி 180/110 என்று வந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தேன். செவிலியர் மறுபடியும் அளந்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் சில அடிப்படைகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதயம் அவரவர் கைமுட்டி அளவு. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அடிக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வலது பக்கம் நுரையீரலுக்கு, இடது பக்கம் உடல் முழுமைக்கும். ரத்தம் இப்படிச் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக எழுதினார். பலர் கவனிக்காத ஒன்று: அறைகள் நிறைய ரத்தம் இருந்தாலும் இதயத் தசை அதிலிருந்து குடிப்பதில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் அடியில் கிளைக்கும் கரோனரி குழாய்கள்தான் அதற்கு ஊட்டுகின்றன. அதுவும் இடப்பக்கத் தசைக்குப் பெரும்பகுதி, இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போதுதான் கிடைக்கிறது. நாடி மிக வேகமாக ஓடினால் அந்தத் தளரும் நேரம் குறைகிறது. குழாய் ஏற்கெனவே குறுகியவருக்குப் படியேறும்போது நெஞ்சு இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் கடற்கரையில் கருவாடு இல்லாத வீடு இல்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் ஒரே இலையில் இருந்தால் அந்தக் கணக்கு ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். பச்சை மீன் கிடைக்கிற நாளில் பச்சை மீனே சாப்பிடுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி இதயத்துக்கு நல்லவை. பீடியை இன்றே விடுங்கள். பிபி மாத்திரையை, "இப்போது நார்மலாகிவிட்டது" என்று நிறுத்தாதீர்கள். நார்மலானது மாத்திரையால்.

ஸ்டென்ட் பணக்காரர் சமாச்சாரம் என்று நினைத்த காலம் உண்டு. நம் ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம், மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து மலிவு விலை ஸ்டென்ட் உருவாக்கினார். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், வரி தனி. செலவுக்குப் பயந்து வீட்டில் படுத்துவிடாதீர்கள். கலாம் அவர்களே 2015இல் ஷில்லாங்கில் மாரடைப்பில்தான் நம்மை விட்டுப் போனார்.

மண்டபம் ஏலக்கடை

சார், மரியாதையோட ஒரு திருத்தம். கலாம் ஐயா மேடையில சாய்ஞ்சதை டாக்டருங்க இதய நிறுத்தம்னுதான் சொன்னாங்க. மாரடைப்பு வேற, இதய நிறுத்தம் வேற. மாரடைப்புல குழாய் அடைக்குது, ஆளு பேசுவாரு, நடப்பாரு. இதய நிறுத்தத்துல துடிப்பே நின்னுடும், ஆளு பேச்சு மூச்சில்லாம விழுந்துடுவாரு. முதலாவது ரெண்டாவதுல கொண்டு போய் விடலாம், ஆனா ரெண்டும் ஒண்ணில்லை. ஏன் வம்படியாச் சொல்றேன்னா, ரெண்டாவதுக்கு 108 வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது.

ஏலத்துல இறால் எடை போட்டுக்கிட்டு இருக்கும்போது ஒரு டிரைவர் அண்ணன் விழுந்தாரு. சுத்தி நின்னவங்க சோடா தெளிச்சாங்க, கையில இரும்புச் சாவியைத் திணிச்சாங்க. நான் கடலோரக் காவல் படை முகாம்ல கத்துக்கிட்டவன். நடு நெஞ்செலும்புல ரெண்டு கையையும் வச்சு அமுக்க ஆரம்பிச்சேன். நிமிசத்துக்கு 100லேருந்து 120, ஆழம் 5 சென்டிமீட்டர். நாலாவது அமுக்குல கைக்கு அடியில 'களுக்'னு ஒரு எலும்பு விட்டுச்சு. அவரு தம்பி "கொல்றான்"னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். நான் நிறுத்தலை. எலும்பு ஒட்டும், மூளைக்கு ரத்தம் போகலைன்னா அஞ்சு நிமிசத்துல போனது போனதுதான். அன்னைக்கு அவரு திரும்பலை. தம்பி இன்னும் என்கிட்ட பேசுறதில்லை. ஆனா என் பக்கத்துல யாரு விழுந்தாலும் அதையேதான் செய்வேன்.

பாம்பன் வல்லம்

ஏலக்கடை அண்ணே, அந்தத் தம்பி ஒரு நாள் புரிஞ்சுக்குவாரு.

செவிலியர் அக்காவுக்கு ஒரு கேள்வி. சித்தப்பா திரும்பக் கடலுக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கடைவாய்ப் பல்லு வேற புடுங்கணுமாம், அதுக்காக ரத்தம் இளக்குற மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தப் போறேங்கிறாரு.

கிராம செவிலியர்

நிறுத்தவே விடாதீங்க தம்பி. ஸ்டென்ட் வச்ச முதல் வருசத்துல அந்த மாத்திரையைத் தானா நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே கட்டி உறைஞ்சு அடைச்சுடலாம். பல் டாக்டர்கிட்ட ஸ்டென்ட் வச்சிருக்குன்னு சொல்லுங்க. பெரும்பாலும் மாத்திரையோடவே பல்லு எடுத்து, ரத்தம் நிக்கிற மாதிரி பார்த்துக்குவாங்க. எதுன்னாலும் ஸ்டென்ட் வச்ச டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வேண்டாம்.

கடலுக்கு இப்ப வேண்டாம். திரும்ப எக்கோ எடுக்கட்டும். இப்பல்லாம் மாத்திரையிலயே சில பேருக்குப் பம்பிங் ஏறுது. காலு வீங்குதா, எடை ஏறுதான்னு தினம் காலையில பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நாளுல ரெண்டு கிலோ ஏறுனா அது நீர், உடனே கூட்டிட்டு வாங்க. வர்றப்ப பழைய ஈசிஜி, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வரணும்.