பழைய காருக்கு இன்சூரன்ஸ் எடுத்து நீங்கள் பட்டது என்ன?

பீட்டில்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது 1968 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் கிடையாது, காற்றில்தான் குளிரணும், பெட்ரோல் குழாய் அந்தச் சூட்டுக்குள்ளேயே புகுந்து கார்புரேட்டருக்கு ஏறும். குழாய்க்கு மேலே நூல் பின்னியிருப்பதால் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் வெடித்திருப்பது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு காலை சிக்னலில் நிற்கிறேன், பெட்ரோல் நாற்றம், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை. சீட்டுக்கு அடியில் தீயணைப்பான் இருந்ததால் பின்பாதியோடு போயிற்று.

நான் வைத்திருந்தது தினமும் ஓட்டும் காருக்கு எடுக்கிற அதே சாதாரண பாலிசி. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார், சுற்றிப் பார்த்தார், வண்டியின் வயதைக் கேட்டார், தேய்மானம் கழித்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்குக் கழித்தால் என்ன மிஞ்சும்? நான் டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் கொட்டியதில் கால்வாசிகூட வரவில்லை. பழுது பார்க்கும் செலவு வண்டி மதிப்பைத் தாண்டுகிறது, ஆகவே மொத்த நஷ்டம் என்று எழுதிவிட்டார்கள். அப்படி எழுதினால் வண்டி அவர்களுக்குப் போய்விடும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நடையாய் நடந்து, வர வேண்டிய தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, எரிந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது இருப்பது முன்கூட்டியே மதிப்பு பேசி வைக்கிற பாலிசி. வண்டி மொத்தமாகப் போனால் இவ்வளவு என்று இரண்டு தரப்பும் முதல் நாளே ஒத்துக்கொண்டு எழுதிவிடுவது. அதற்கு அவர்கள் கேட்டது: நாலு பக்கமும் போட்டோ, அடிப்பக்கம், எஞ்சின், சேசிஸ் நம்பர், செலவு செய்த பில்கள், பழைய வண்டி தெரிந்த ஒருவரின் மதிப்பீடு. பில்களில் பாதியை நான் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன், அதற்காக மெக்கானிக்கிடம் போய் நின்றது தனிக்கதை. பேசும்போதே இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்கினேன், மொத்த நஷ்டமானாலும் வண்டியை நான் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு கழிப்பார்கள் என்று.

கிரீஸ்கை:
அண்ணே, மதிப்பு பேசினேன் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாலிசியின் முதல் பக்கத்திலேயே நான் சொன்ன தொகை பெரிய எழுத்தில் இருந்தது. மரம் விழுந்து கூரை நசுங்கியபோதுதான் உள்பக்கத்தை எடுத்துப் படிக்கிறேன், "குறிப்பிட்ட தொகை அல்லது அன்றைய சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது." பிரீமியம் மட்டும் பெரிய தொகைக்குக் கட்டியிருக்கிறேன்! இரண்டு வகைக்கும் பேர் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "எது குறைவோ" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.

ஞாயிறு டிரைவர்:
என் கதை சின்னது. பழைய வண்டி பாலிசி மலிவாகக் கிடைப்பதே குறைவாக ஓட்டுவோம் என்ற நம்பிக்கையில்தான். என்னுடையதில் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர், பொழுதுபோக்குக்கு மட்டும், ராத்திரி பூட்டிய ஷெட்டில் நிற்கணும். தினசரி வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரு வாரம் இதை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன், ஆபீஸ் வாசலில் எவனோ கதவை உரசிவிட்டான், கிளெய்ம் போயே போச்சு. கோபம் வந்தது, ஆனால் கையெழுத்துப் போட்டவன் நான்தானே.

இன்னொரு கூத்து. என் ஓடோமீட்டர் மைல் கணக்கு, அதுவும் ஐந்து இலக்கம், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். புதுப்பிக்கும்போது மீட்டர் போட்டோ அனுப்பினால் அவர்கள் அதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சாதகம்தான், ஆனாலும் சொல்லித் திருத்திக்கொண்டேன். கிளெய்ம் நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கிப் பார்த்தால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

பாதிவண்டி:
ஓடுகிற வண்டிக்காரர்கள் எல்லாம் பேசிவிட்டீர்கள், ஓடாத வண்டிக்காரன் நான். மூணு வருஷமாக வீட்டில் ஜாக்கி ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது, எஞ்சின் வெளியே. சாலைக்கே போகாத வண்டிக்கு ஓட்டும் பாலிசி எதற்கு என்று, திருட்டு, தீ இரண்டுக்கு மட்டும் எடுத்தேன், செலவும் குறைவு. பம்பர், கதவு, ஹெட்லைட் வளையம் எல்லாவற்றையும் கழற்றித் துணியில் சுற்றி மச்சான் வீட்டு ஷெட்டில் வைத்திருந்தேன். குரோம் பூசி வந்த பம்பர் இரண்டும் ஒரே ராத்திரியில் காணோம். பாலிசியில் இருந்தது என் வீட்டில் நிற்கும் வண்டி. வேறு இடத்தில் கிடக்கும் பாகம் வண்டி ஆகாதாம். உதிரி பாகத்துக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்கலாம் என்று அப்புறம்தான் சொன்னார்கள். இன்னொன்று, வேலை நடக்க நடக்க வண்டியின் மதிப்பும் ஏறுகிறது, என் பேப்பரில் இன்னும் நான் வாங்கிய நாளின் துருப்பிடித்த வண்டிதான் இருக்கிறது.

பீட்டில்காரன்:
பாதிவண்டி சார், என் எரிந்த எஞ்சின் மூடி, பழைய வைப்பர், ஒரு ஜோடி கதவுப் பிடி எல்லாம் இப்போதும் தம்பி வீட்டுப் பரணில் கிடக்கிறது. போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. சாயங்காலம் ஏணியோடு போகிறேன்.