பிரேசர் டவுனில் நூறாண்டு வீடு: அழகு கெடாமல் பின்புறம் இரண்டு அறைகள் சேர்ப்பது எப்படி?

கேள்வி: பிரேசர் டவுன் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பிரேசர் டவுனில் என் தாத்தா 1926 இல் கட்டிய வீட்டில் அம்மாவும் நானும் என் தம்பி குடும்பத்தாரும் வசித்து வருகிறோம். 1898 இல் பிளேக் நோய் ஊரைச் சூறையாடிய பிறகு, நெரிசலைக் குறைக்க அரசாங்கம் புதிய குடியிருப்புகளை அமைத்ததும், கன்டோன்மென்ட் பக்கத்தில் 1910 இல் பிரேசர் டவுன் தோன்றியதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து வீடுகளில் எங்கள் தெருவில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு. அவற்றில் ஒன்று எங்களுடையது.

சுவர்கள் பதினெட்டு அங்குலக் கனம். கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரங்கள் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. முன் தாழ்வாரத்துக்கும் பின்கட்டுக்கும் மங்களூர் ஓடு. தரை முழுவதும் சிவப்பு ஆக்சைடு. நடந்து நடந்து கூடத்தின் நடுப்பகுதி மட்டும் கண்ணாடி போல் மின்னும். முகப்பிலும் முன்னறை ஜன்னல்களின் மேலும் மெல்லிய மரச் சட்டங்களைச் செங்குத்தாக அடித்த மங்கி டாப் என்ற அலங்கார மறைப்பு இருக்கிறது.

அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. குளியலறை பின்கட்டைத் தாண்டி முற்றத்தில் இருப்பதால், மழைக்காலத்து இரவில் அவர் அங்கே போய் வருவது எங்களுக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. தம்பியின் பிள்ளைகளுக்கும் படிக்க ஓர் அறை தேவை. பின்சுவருக்கும் மதிலுக்கும் இடையே இருபத்தைந்து அடி நிலம் இருக்கிறது. ஆனால் நாங்கள் பேசிய ஒப்பந்தக்காரர், மெட்ராஸ் டெரஸை உடைத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் ஒரு மாடி எழுப்புவதே சிக்கனம் என்கிறார். தம்பிக்கும் அதில் பாதி மனம் இருக்கிறது. எனக்கு அடியோடு மனமில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கூடத்தின் மேற்குச் சுவரில் காரை உதிர்ந்தபோது, அதைக் கொத்தியெடுத்துவிட்டு சிமென்ட் பூசினோம். முன்பு முழங்கால் உயரத்தில் நின்றிருந்த ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) இப்போது இடுப்புக்கு மேல் ஏறியிருக்கிறது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. விரலால் கீறினால் உள்ளேயிருந்து வெள்ளை உப்பு மாவு போல் கொட்டுகிறது. புதிய அறைகளைக் கட்டும் முன் இதைச் சரிசெய்ய வேண்டுமா, பின்னர் பார்த்துக்கொள்ளலாமா? வீட்டின் முகம் மாறாமல் சேர்ப்பதற்கு அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பொறியாளர், காக்ஸ் டவுன்

வணக்கம் அம்மா. முதலில் மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதன் மீது சுவர்கள், தளவாடங்கள், இன்னொரு கூரை எல்லாம் ஏறும். பதினெட்டு அங்குலச் சுவர் என்றதும் எதையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கனத்தைவிட, செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து எது என்பதே முக்கியம். இந்தக் காலத்து வீடுகளில் வெளிப்பூச்சு சுண்ணாம்பாகவும் உள்கட்டு மண்சாந்தாகவும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்த இடத்தில் இரண்டு செங்கற்களுக்கு நடுவே ஒரு சாவியால் சுரண்டி, சுண்டைக்காய் அளவு சாந்தை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கரைந்து சேறாகிவிட்டால் மண்சாந்து. கட்டி கட்டியாகவே கிடந்தால் சுண்ணாம்பு. மூன்று நான்கு சுவர்களிலிருந்து தனித்தனியாக எடுங்கள்.

மெட்ராஸ் டெரஸை உடைப்பது இன்னொரு காரணத்தாலும் தவறு. ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களை உத்தரங்களுக்கு மூலைவாட்டாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை அது. ஒருமுறை பிரித்துவிட்டால் அதைத் திரும்பப் போடத் தெரிந்த கைகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் கரையானும் ஈரமும் பிடிக்கும். அந்த முனைகளை மட்டும் ஓர் ஆசாரியை வைத்துத் தட்டிப் பாருங்கள். மற்றபடி அதை விட்டுவிடுங்கள்.

ஆகவே பின்புற நிலமே சரியான இடம். புதிய பகுதி தன் கால்களிலேயே நிற்க வேண்டும். பழைய சுவரில் பல் வெட்டிப் புதுச் செங்கல்லைக் கோக்க மேஸ்திரி சொல்வார், சம்மதிக்காதீர்கள். நூறு ஆண்டுகளில் பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) இறங்க வேண்டிய அளவு இறங்கி நிலைத்துவிட்டது. புதியது முதல் சில ஆண்டுகளில்தான் இறங்கும். இரண்டையும் கோத்துவிட்டால் அந்த இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் விழுவது உறுதி. ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே ஒரு பக்கம் மட்டும் பொருத்திய உலோகத் தகட்டால் மூடிவிட்டால், மழையும் புகாது. இரு பகுதிகளும் தத்தம் போக்கில் அசையலாம்.

கடைக்கால் தோண்டும்போது பழைய கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. முதலில் ஓர் ஓரமாகச் சிறு குழி தோண்டி அந்த ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். புதிய தூண்களைப் பழைய சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வைத்து, இடையிலுள்ள நடைவழியின் தளத்தை அந்தத் தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டால், பழைய சுவரின் அருகே தோண்டவே வேண்டியதில்லை.

பதில் 2: மல்லேஸ்வரம் வாசகி

அன்புச் சகோதரிக்கு, ஓதத்தை முதலில் சரிசெய்யுங்கள். எங்கள் வீட்டில் இதைத் தள்ளிப்போட்டு நாங்கள் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சியதைச் சுவர் முழுவதிலும் வெளியே விட்டுக் காய்ந்துவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. சிமென்ட் முடியும் இடத்தில் வெளிவந்து காயும்போது உப்பை விட்டுச் செல்கிறது. உங்கள் விரலில் ஒட்டிய வெள்ளை மாவு அதுதான். அதன் மேல் ஈரம் காக்கும் பெயின்ட் என்று கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கி அடிக்காதீர்கள். நாங்கள் இரண்டு முறை அடித்தோம். இரண்டு முறையும் அடுத்த மழைக்குள் தோல் உரிவது போல் உரிந்து வந்தது.

சிமென்ட் முழுவதையும் மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாகக் காயவிடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது மீண்டும் உள்ளே போய்விடும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நாங்கள் வைத்த கொத்தனார் வேலூர்ப் பக்கத்துக்காரர். சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி மூன்று வாரம் தண்ணீருக்கடியில் வைத்திருந்தார். கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஊறவைத்த தண்ணீரில்தான் சாந்தைக் குழைத்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கரணையிலிருந்து அது வழுக்கி விழாமல், அதே சமயம் ஒட்டிக்கொள்ளாமல், தயிர் போல் அசைந்து நிற்கும் பக்குவத்தைப் பார்த்த பிறகே சுவரில் ஏற்றினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஆகவே அவசரம் கூடாது, முதல் சில நாட்கள் ஈரச் சாக்கு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. குளியலறையைப் பழைய சுவரை ஒட்டிப் போடாதீர்கள். புதிய பகுதியின் மதில் பக்கத்து ஓரத்தில் போடுங்கள். குழாய் கசிந்தாலும் அது பழைய கடைக்காலை எட்டாது. அம்மாவுக்காகத்தான் இந்த அறை என்பதால், பழைய கூடத்தின் தரைமட்டமும் புதிய அறையின் தரைமட்டமும் ஒன்றாக இருக்கும்படி முதல் நாளே மட்டம் பார்த்துக் குறித்துவிடுங்கள். பிறகு ஒரு படி வந்து நின்றால் இத்தனை செலவும் வீண்.

பதில் 3: கட்டடக் கலைஞர், ரிச்சர்ட்ஸ் டவுன்

முதல் இரண்டு பதில்களையும் முழுமையாக ஏற்கிறேன். தோற்றத்தைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன். உங்களிடம் பலர், புதிய அறைக்கும் ஒரு மங்கி டாப் வைத்துவிடுங்கள், பழையதோடு கலந்துவிடும் என்பார்கள். அந்த ஆசை இயல்பானதுதான். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவின் பக்கத்தில் 2005 இல் திறக்கப்பட்ட விகாச சௌதாவைப் பாருங்கள். பழையதைப் போலவே தோன்ற வேண்டும் என்று கட்டப்பட்டது அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் புதியதில் பாதியும் பழையதில் பாதியுமாக அலைந்து, 1956 இல் முடிந்த மூலக் கட்டடத்தின் கம்பீரத்தையே சற்று மங்க வைப்பதாகப் படுகிறது. இதை மறுப்பவர்களும் உண்டு என்பதை அறிவேன்.

மாறாக, அரண்மனைச் சாலையிலுள்ள மாணிக்கவேலு மாளிகைக்கு அம்மாவையும் தம்பியையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். 2009 முதல் அது தேசிய நவீனக் கலைக்கூடமாக இருக்கிறது. மாளிகையை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய காட்சிக்கூடத்தை எளிய, இன்றைய வடிவில் சேர்த்திருக்கிறார்கள். எது தாத்தா காலத்தது, எது நம் காலத்தது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். இரண்டும் சண்டையிடுவதும் இல்லை. பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் பழங்கட்டடங்களைப் பற்றிச் சொல்வதும் இதே திசையில்தான்: பின்னால் சேர்ப்பது மூலத்தின் சிறப்பைக் குறைக்கக் கூடாது, இல்லாமல் போன பகுதிக்குப் பதிலாக நிரப்புவது மூலத்தோடு இசைந்தும் வேறுபட்டும் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு இதைச் சொன்னால், புதிய கூரை பழைய கூரையைவிடத் தாழ்ந்திருக்கட்டும்; தெருவிலிருந்து பார்த்தால் தெரியவே கூடாது. ஜன்னல்களின் அகல உயர விகிதத்தைப் பழைய ஜன்னல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, வேலைப்பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய வீட்டின் ஜன்னல் உயர்ந்து ஒடுங்கியிருக்கும்போது புதிய அறையில் அகலமான சறுக்கு ஜன்னல் வைத்தால், என்ன வண்ணம் அடித்தாலும் ஒட்டாது. நடைவழிக்கு வாசல் திறக்கப் பின்சுவரைப் புதிதாக உடைக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஜன்னல் இருந்தால், அதன் கீழ்ச்சுவரை மட்டும் தரைவரை இறக்கி வாசலாக்கிவிடலாம். மேலேயுள்ள வளைவு அசையாது, சுவரின் பாரம் போகும் வழியும் மாறாது. கழற்றிய ஜன்னல் கதவைப் புதிய அறையிலேயே பொருத்திவிடுங்கள். மாநகராட்சியின் அனுமதிக்கு வரைபடம் கொடுக்கும் முன் இப்போதுள்ள வீட்டை அறை அறையாக அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் பெங்களூரு கிளையினரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

மறுமொழி: பிரேசர் டவுன் பேத்தி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை நானும் தம்பியும் நான்கு தம்ளர்களில் சோதித்துப் பார்த்தோம். கூடத்துச் சாந்தும் முன்னறைச் சாந்தும் கட்டியாகவே கிடந்தன. பின்கட்டுச் சுவரில் எடுத்த இரண்டும் கால் மணி நேரத்தில் செந்நிறச் சேறாகிவிட்டன. தம்பி அந்தத் தம்ளரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாடிப் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. பின்சுவரில் கிணற்றடியைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தச் சுவரே மண்சாந்து என்பதால், கீழ்ச்சுவரை இறக்கும் முன் வளைவுக்குக் கீழே முட்டு கொடுக்க வேண்டுமா என்பதை மட்டும் பொறியாளர் ஐயா சொல்ல வேண்டும்.

பதில் 1-இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற பொறியாளர்

கட்டாயம் கொடுக்க வேண்டும் அம்மா. வளைவின் வடிவத்துக்கே மரச்சட்டம் செய்து, இருபுறமும் முட்டுக்கால் நிறுத்தி, ஆப்பு இறுக்கிய பிறகே முதல் செங்கல்லைத் தொட வேண்டும். சுத்தியல் வேண்டாம், மண்சாந்து என்பதால் உளியாலேயே வந்துவிடும். வாசலின் இரு ஓரங்களையும் சுண்ணாம்புச் சாந்தில் புதிதாகக் கட்டி, மூன்று வாரம் கழித்து முட்டுக்கால்களை எடுங்கள். மழைக்கு முன், மார்ச் மாதத்திலேயே இதை முடித்துக்கொள்வது நல்லது.